ஐஸ்கிறீம் பெட்டிக்கு நாலு எல்லை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று பத்துக்கு எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து புகை வந்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்போதுதான் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தேன். பார்வையை இறக்குவதற்குள் மணம் மூக்கில் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் உருகுகிற மணம், அதற்கடியில் மீன் கருகுவதுபோல இன்னொன்று.

மகள் "அம்மா" என்றாள். உரக்கக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதுபோலச் சொன்னாள். அந்தத் தணிந்த குரல்தான் என்னை ஓட வைத்தது.

ஓடிப்போய் முதலில் செய்த காரியம், வாசற்கதவுக்கு மேலே இருக்கிற மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தது. மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. மேசையில் இருந்த சாமான் மட்டும் தன்பாட்டில் புகைந்துகொண்டிருந்தது. அது சுவர் மின்சாரத்தில் ஓடுவதே இல்லை. அதன் வயிற்றுக்குள் பவர் பாங்க் ஒன்று இருக்கிறதென்று எனக்கு மாதக் கணக்காகத் தெரியும். தெரிந்தும் கை மெயின் சுவிட்சுக்குத்தான் போனது.

அடுத்ததாக, சட்டி இறக்குகிற துணியால் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினேன். தொங்கிக்கொண்டிருந்த வயர்கள் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மகள் பின்னால் கெஞ்சிக்கொண்டு வந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மூன்றாம் மாடிப் பல்கனி என்றால் காற்றுக்குக் குறைவில்லை. கொஞ்ச நேரத்தில் புகை கலைந்துபோனது. இதை எழுதுகிற இன்றைக்கும் யாராவது பக்கத்து வீட்டில் தேங்காய்ச் சிரட்டை எரித்தால் எழும்பிப் போய் மேசையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்தச் சாமான் என்னவென்று சொல்ல வேண்டும். அது ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி. மூடியில் சதுரமாக ஒரு துளை வெட்டி, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். உள்ளே, விளையாட்டுச் சீட்டை விடச் சிறிய ஒரு கணினிப் பலகை. மேசையில் வைத்து விளையாடலாம். நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்து விளையாட்டுகளெல்லாம் அதில் ஓடும். செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மகள், மற்றவள் கொட்டாஞ்சேனையில் இருக்கிற அவளுடைய சிநேகிதி. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருப்பவர்கள்.

பெட்டி ஒரு வாரம் எங்கள் வீட்டில், அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் என்று பள்ளிப் பையில் போய்வந்துகொண்டிருந்தது. வயர்கள் வெளியே தெரிகிற பெட்டியைப் பிள்ளை பஸ்ஸில் கொண்டுபோகிறாள் என்றால், இந்த நகரத்தில் குண்டுக்காலச் சோதனைச் சாவடிகளைக் கண்ட என் வயதுத் தமிழருக்கு அது எப்படியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மகளுக்கு அதை நான் விளக்கியதுமில்லை. "விளையாட்டுச் சாமான்" என்று மூன்று மொழியிலும் அச்சடித்து மூடியில் ஒட்டிவிட்டேன். சிங்களம் மேலே, பெரிய எழுத்தில். சிநேகிதி அதைப் பார்த்துவிட்டு, அன்ரி இதுக்கு முத்திரையும் குத்தியிருக்கலாம் என்றாளாம். நான் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதி முத்திரை குத்துகிற சட்டத்தரணி, நொத்தாரிசு. அந்தப் பகிடி அதற்குத்தான்.

அந்தச் சின்னப் பலகையில் வெளிச் சாமான் கொழுவுவதற்கு ஒரேயொரு யு.எஸ்.பி. வாய்தான் உண்டு. இருவர் விளையாட வேண்டுமென்றால் கையில் பிடித்து இயக்குகிற கொன்ட்ரோலர் இரண்டு கொழுவ வேண்டும். அதனால் புறக்கோட்டையில், ஒரு வாயை நாலு வாயாக்கித் தருகிற ஹப் ஒன்றை வாங்கி, அதன் பிளாஸ்டிக் கூட்டை உடைத்து உள்ளிருப்பதை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியின் வலப்பக்கம் ஒரு சொக்கெட், இடப்பக்கம் ஒரு சொக்கெட் வைப்பதென்று திட்டம். வலப்பக்கத்தை என் மகள் ஈயம் வைத்து ஒட்டினாள். அது வேலை செய்தது. இருவரும் ஒரு கொன்ட்ரோலரை மாறி மாறிப் பறித்து விளையாடினார்கள்.

அதில் ஒரு விளையாட்டு, சேற்றில் இரண்டு கார் ஓடுவது. தனியாக ஓடினால் கணினிதான் எதிரி. இரண்டாவது சொக்கெட் வந்த அன்றைக்கு உன்னை நான் தோற்கடிக்கிறேன் என்று சிநேகிதி சபதம் போட்டிருந்தாள். நீ சபதம் மட்டும்தான் போடுவாய் என்று இவள்.

இடையில் சிநேகிதியின் குடும்பத்துக்கு அவுஸ்திரேலியா விசா வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்கிற தகப்பன் பல வருடமாக முயன்றுகொண்டிருந்தது அது. எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. பயணம் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு. சிநேகிதி தன் வீட்டில் ஒரு சண்டையே பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள்: விமான நிலையத்துக்குப் போகுமுன் நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், ஓர் அரை மணித்தியாலம், ஒரே ஒரு ஓட்டம். கொட்டாஞ்சேனையிலிருந்து விமான நிலையம் வடக்கே. வெள்ளவத்தை தெற்கே. முழுக் குடும்பமும் பெட்டி படுக்கையோடு எதிர்த் திசையில் நகரத்தைக் கடந்து வந்து, பிறகு திரும்ப வேண்டும். விளையாட்டுக்காக யாரும் இப்படிப் போவார்களா என்று தகப்பன் கேட்டதாகவும், சபதத்துக்காகப் போவார்கள் என்று அவள் சொன்னதாகவும் கதை.

இடப்பக்கச் சொக்கெட்டை ஒட்டியது சிநேகிதி. கடைசி வாரம், பெட்டிகள் அடுக்கிக்கிடந்த வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இருந்து ஒட்டியிருக்கிறாள். எந்த வயர் எந்த இடத்தில் என்று என் மகள் போனில் சொன்னது குசினியில் நின்ற எனக்கும் கேட்டது. இடமிருந்து வலம், சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. இரண்டு தரம் சொன்னாள். சிநேகிதியிடம் ஒரு கொன்ட்ரோலர் இருந்தது. ஆனால் அது ஏற்கனவே பயணப் பெட்டிக்குள் போய்விட்டதால் கொழுவிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். என் மகள், சிநேகிதிக்கென்று புதிதாக ஒரு கொன்ட்ரோலர் வாங்கி வைத்திருந்தாள். அந்த ஞாயிறு ஒன்று பத்துக்கு அதைத்தான் இடப்பக்கம் கொழுவினாள்.

பல்கனியில் வைத்து அவளே பெட்டியைத் திறந்து பார்த்தாள். புகைந்தது பெட்டியல்ல, கொன்ட்ரோலர். அதன் வயிறு கை வைக்க முடியாத சூடு. திரை கறுத்துக் கிடந்தது. பவர் பாங்க் ஆபத்தை உணர்ந்து தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது என்றாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பதறாமல் சரியான சுவிட்சை நிறுத்தியது அது ஒன்றுதான்.

பிறகு பல்கனிக் கதிரையில் இருந்து போனை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். சிநேகிதிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பாழாக்கிவிட்டாய், உனக்கென்ன, நீ போகப்போகிறாய், அவசரத்தில் ஏனோதானோவென்று ஒட்டியிருக்கிறாய். விரல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் பயந்தது அங்கேதான். பெட்டி போனால் போகட்டும். ஐந்து வருடச் சிநேகிதம், அந்த வரியோடு விமானம் ஏறப்போகிறது. இவளை எனக்குத் தெரியும். அனுப்பியதை இவள் திருப்பி எடுக்கமாட்டாள். மற்றவளும் அப்படித்தான். இரண்டும் ரோசக்காரப் பிள்ளைகள்.

போனின் மேல் கையை வைத்தேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. எல்லை பாக்காமல் வழக்குப் போடக்கூடாது."

"என்ன எல்லை?"

"அந்தச் சொக்கெட்டுக்கு எத்தனை வயர்?"

"நாலு."

"காணிக்கும் நாலு எல்லைதான். வா, பாப்பம்."

எனக்கு மின்சாரம் தெரியாது. எனக்குத் தெரிந்தது உறுதி வாசிப்பது. ஓர் உறுதியில் பிழை இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் நாங்கள் பெயர்களையும் கையெழுத்தையும் பார்த்துக் குழம்புவதில்லை. காணியின் எல்லைகளை எழுதுகிற அட்டவணைக்குப் போய், வடக்கே யார், கிழக்கே யார், தெற்கே எது, மேற்கே எது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்போம். ஒருவர் வாசிக்க மற்றவர் வரைபடத்தில் விரல் வைப்பார். வாய்விட்டு வாசிக்கும்போது பிழை தானாகத் தட்டுப்படும். மனதுக்குள் வாசித்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் வாசிக்கும்.

மேசைக்குத் திரும்பினோம். பவர் பாங்க்கைக் கழற்றி அடுத்த அறையில் கட்டிலில் வைத்தோம், அது என் வற்புறுத்தல். மகளிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. அதன் இரண்டு ஊசிகளையும் ஒரே வயரின் இரண்டு முனையில் வைத்தால் பீப் என்று சத்தம் போடும். அவள் ஊசி பிடிப்பது, நான் வாசிப்பது என்று முடிவாயிற்று. நாலு வயரும் என்ன செய்கின்றன என்று கேட்டேன். நடுவில் இருக்கிற வெள்ளையும் பச்சையும் கதைக்கிற வயர், ஓரத்தில் இருக்கிற சிவப்பும் கறுப்பும் சாப்பாடு கொடுக்கிற வயர் என்றாள். நல்ல விளக்கம். சிவப்பு வடக்கு, வெள்ளை கிழக்கு, பச்சை தெற்கு, கறுப்பு மேற்கு என்று நான் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, இது ஒரு நேர்கோடு. இதில வடக்குத் தெற்கு ஒண்டும் இல்லை."

"உனக்கு இல்லை. எனக்கு வேணும்."

முதலில் வேலை செய்கிற வலப்பக்கம். வடக்கே சிவப்பு, பீப். கிழக்கே வெள்ளை, பீப். தெற்கே பச்சை, மேற்கே கறுப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். பிறகு இடப்பக்கம். வடக்கே சிவப்பு என்று வாசித்தேன். சத்தமில்லை. மறுபடி வாசித்தேன். சத்தமில்லை. அவள் ஊசியை ஒவ்வொரு காலாக நகர்த்திக்கொண்டு போனாள். சிவப்பு, மேற்கு மூலையில் போய்ச் சத்தம் போட்டது. கறுப்பு வடக்கில் இருந்தது. வெள்ளையும் பச்சையும் இடம் மாறியிருந்தன.

சாப்பாடு தலைகீழாகப் போயிருக்கிறது. கொன்ட்ரோலர் பாவம், என்ன செய்யும்.

மகள் ஊசியை மேசையில் போட்டாள். முழுக்கத் தலைகீழாய் ஒட்டிவிட்டாள், நாலையும், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்றாள். கை மறுபடி போனை நோக்கிப் போனது.

எனக்கு அந்த "நாலையும்" என்ற சொல் உறுத்தியது. அவசரத்தில் பிழை விடுகிறவர்கள் ஒன்றை மாற்றுவார்கள், இரண்டைக் குழப்புவார்கள். நாலும் அச்சொட்டாகத் திரும்பியிருந்தால் அது கவனமில்லாத வேலை இல்லை. மிகக் கவனமாகச் செய்த வேலை.

சில வருடத்துக்கு முன் என் மேசைக்கு இரண்டு சகோதரிகள் வந்தார்கள். தாய் சாகுமுன், இடப்பக்கத்து அறை பெரியவளுக்கு, வலப்பக்கத்து அறை சின்னவளுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருவரும் ஒரே அறையைக் காட்டி அது எனக்குத்தான் என்றார்கள். பெரியவள் வீதியில் நின்று வீட்டைப் பார்த்து இடப்பக்கம் என்கிறாள். சின்னவள் வாசற்படியில் நின்று வீதியைப் பார்த்து வலப்பக்கம் என்கிறாள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. இதற்காகத்தான் உறுதியில் இடம், வலம் என்று எழுதுவதில்லை. வடக்கும் கிழக்கும் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாது.

"பிள்ளை, நீ போனில் இடமிருந்து வலம் எண்டு சொல்லேக்க சொக்கெட்டை எந்தப் பக்கத்தால பாத்துக்கொண்டிருந்தனி?"

அவள் சொக்கெட்டைக் கையில் எடுத்து, சாமான் கொழுவுகிற வாயைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பிறகு மெதுவாக மறுபக்கம் திருப்பினாள். ஈயம் வைக்கிற கால்கள் தெரிகிற பின்பக்கம். அங்கே, இடமிருந்து வலம், சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. ஒவ்வொரு கணுவிலும் ஈயம் சின்ன மணிபோல் பளபளத்தது. என் மகள் ஒட்டிய வலப்பக்கத்தை விட அழகான வேலை.

"நான் வாயைப் பாத்துச் சொன்னனான்" என்றாள். "அவ காலைப் பாத்து ஒட்டியிருக்கிறா."

பிறகு போனை எடுத்தாள். எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஒரேயடியாக அழிக்கிற வழி இருக்கிறது, அவளுக்கு அது தெரியும். அழித்த இடத்தில், நாலு மணிக்குக் கட்டாயம் வா என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். நாலு வயரையும் வெட்டி, முனை சீவி, புதிதாக ஒட்ட வேண்டும். மகள் சோல்டரிங் அயனைக் கொழுவினாள். காத்திருந்தோம். ஈயத்தைத் தொட்டுப் பார்த்தாள், உருகவில்லை. அயனும் பழுதாகிவிட்டது என்று அவள் முகம் விழுந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது: மெயின் சுவிட்ச். வீடு முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அதை மேலே தள்ளியதும் மின்விசிறி சுழன்றது, குளிர்சாதனப் பெட்டி மறுபடி செருமியது. மகள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அவள் ஒட்ட, நான் புருவம் திருத்துகிற சாமணத்தால் வயரைப் பிடித்துக்கொண்டேன். என் கை ஆடியது. முழங்கையை மேசையில் ஊன்றினேன், அப்படியும் ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டேன். மூன்றாவது வயரில் அவள் நிமிராமலே சொன்னாள்:

"அம்மா, நீங்கள் மூச்சு விடலாம். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

ஒட்டி முடிந்ததும் நாலு எல்லையும் மறுபடி வாய்விட்டு வாசித்தோம். இந்தமுறை நாலு பீப்பும் ஒழுங்காக வந்தன. பவர் பாங்க்கைக் கட்டிலிலிருந்து அழைத்து வந்தோம். திரை எரிந்தது. பலகைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இடப்பக்கச் சொக்கெட்டில் எடுத்தவுடன் கொன்ட்ரோலரைக் கொழுவ இருவருக்கும் துணிவில்லை. மின்வெட்டுக் காலத்தில் கொழும்பில் எல்லா வீடுகளும் வாங்கி வைத்த சின்ன யு.எஸ்.பி. விளக்கு ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய சாமான் அது ஒன்றுதான். அதைக் கொழுவினாள்.

எரிந்தது. அந்தச் சின்ன வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து நான் கை தட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ வழக்கு வென்றிருக்கிறேன், ஒன்றுக்கும் கை தட்டியதில்லை.

பிறகு நல்ல கொன்ட்ரோலரை இடப்பக்கம் கொழுவினாள். திரையில் கார் நகர்ந்தது. கழற்றி வலப்பக்கம் கொழுவினாள், நகர்ந்தது. அதோடு அவளைப் பிடிக்க முடியவில்லை. என் மவுஸைக் கொண்டுவந்து கொழுவ, சேற்றுப் பாதையின் நடுவில் ஓர் அம்புக்குறி தோன்றி அலைந்தது. பென் டிரைவைக் கொழுவினாள், அதில் இருந்த என் கட்சிக்காரரின் காணிப் படம் ஒன்றைப் பெட்டி தன் சின்னத் திரையில் காட்டியது. உடனே பிடுங்கச் சொன்னேன். கடைசியாக யு.எஸ்.பி. மின்விசிறியைக் கொழுவியதும் திரை மங்கி, எல்லாம் அணைந்து, முதலிலிருந்து தொடங்கியது. என் உயிர் போய் வந்தது. அவளுக்கோ பயமே இல்லை. விசிறிக்குச் சாப்பாடு கூட, இந்தப் பவர் பாங்க்குக்குக் கட்டாது என்று ஒரு வைத்தியரைப்போலச் சொல்லிவிட்டு அதைக் கழற்றி எறிந்தாள். ஒன்று பத்துக்குப் பல்கனியில் குந்தியிருந்த பிள்ளையா இது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் புகைந்த கொன்ட்ரோலர் செத்தது செத்ததுதான். எந்தப் பக்கம் கொழுவினாலும் அது எழும்பவில்லை. இரண்டு சொக்கெட் இருக்கிறது, கொன்ட்ரோலர் ஒன்றுதான் இருக்கிறது. காலி வீதியில் திறந்திருந்த கடைகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். அப்படி ஒரு சாமானா, புறக்கோட்டையில் கேளுங்கோ மிஸ், ஆனால் இண்டைக்குப் பூட்டு என்றார்கள். மகள் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். கேட்காமலே கோப்பை கழுவினாள் என்றால் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிநேகிதியின் தகப்பனுக்கு எடுத்தேன். நல்ல மனிதர். பெற்றோர் கூட்டங்களில் சந்தித்த பழக்கம். தாங்கள் வருகிற வான் வண்டி கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் நிற்கிறது என்றார். பின்னால் பிள்ளைகளின் சத்தமும் ஹோன் சத்தமும் கேட்டன. நடந்ததைச் சொல்லி, உங்களுடைய பெட்டியில் மகளின் கொன்ட்ரோலர் இருக்கிறதாமே, எடுக்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு குடும்பம் நாட்டை விட்டுப் போகிறது, நான் விளையாட்டுச் சாமான் கேட்கிறேன்.

"ஐயோ அக்கா" என்றார். "எல்லாப் பெட்டியும் பூட்டி, பிளாஸ்டிக் சுத்தி, நிறுத்தும் முடிச்சாச்சு. அது எங்கன இருக்குன்னு அவளுக்கே தெரியாது. தொறந்தா திரும்ப மூடவும் ஏலாது."

பரவாயில்லை தம்பி என்றேன். பிள்ளை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றேன். அவர் பாப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு பாப்போம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மகளிடம் போன் எடுத்த கதையை நான் சொல்லவில்லை.

கார் ஓட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. அவர்கள் விளையாடினார்கள். ஒரே ஒரு ஓட்டம் என்று தொடங்கி, கீழே வான் வண்டிக்குள் காத்திருந்த அவளுடைய தாய் போன் மேல் போன் எடுக்கும்வரை விளையாடினார்கள். வலப்பக்கம் என் மகள், இடப்பக்கம் தன் சொக்கெட்டில் மற்றவள். என் மகள் ஒவ்வொரு தரமும் தோற்றாள். விட்டுக்கொடுத்துத் தோற்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடித் தோற்றாள். சிநேகிதி கதிரையில் ஏறி நின்று கூத்தாடினாள். தோல்வியில் இவ்வளவு சந்தோசப்பட்ட ஒருவரை நான் புதுக்கடையில் கண்டதில்லை. போகும்போது பெட்டியை யார் வைத்திருப்பது என்று பேச்சு வந்தது. மூன்று மொழியில் லேபல் ஒட்டியிருந்தாலும் அதை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அதனால் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. இடப்பக்கச் சொக்கெட்டில் வேறு யாரையும் கொழுவ என் மகள் விடுவதில்லை.

இனி, அவள் வந்த நேரத்துக்குத் திரும்புகிறேன். நாலு மணி கடந்துவிட்டது. பல்கனியிலிருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வான் ஒன்று பின்னோக்கி உள்ளே வந்தது, திரும்ப இடம் காணாதென்று பின்பக்கத்தாலேயே எடுத்திருக்கிறார்கள். மணி அடிக்குமுன் மகள் கதவைத் திறந்துவிட்டாள். சிநேகிதி பயண உடுப்பும் புதுச் சப்பாத்துமாக மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பில் என் மகள் சொக்கெட்டைத் தூக்கிக் காட்டி, வாயும் காலுமாக நடந்த கதையை ஒரே மூச்சில் சொன்னாள். மற்றவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளவத்தை ஆக்களுக்கு இடம் எது வலம் எதுன்னே தெரியாதுடி" என்றாள். "நான் ஒட்டினது சரி."

"ஓம், சரிதான்" என்றாள் என் மகள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை இவ்வளவு இலகுவாக வந்து நான் கேட்டதில்லை.

பிறகு மேசையில் கிடந்த ஒற்றைக் கொன்ட்ரோலரை இருவரும் பார்த்தார்கள். அப்பா எங்கே என்று நான் கேட்டேன். வான் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார், தன்னை மேலே ஓடச் சொன்னார் என்றாள்.

அந்த நேரம் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு படிக்கு ஒரு இடி. லிஃப்டுக்குக் காத்திருக்க அந்த மனிதருக்குப் பொறுமை இருக்கவில்லை. கதவை நான் அகலத் திறந்தேன். துறைமுகத்தில் வேலை செய்த தோளில், பிளாஸ்டிக் சுற்றிக் கயிறு போட்ட ஒரு முழுப் பயணப் பெட்டி. மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். வியர்வை நாடியால் ஒழுகியது. எங்கள் வரவேற்பறை நடுவில் அதைத் தொப்பென்று இறக்கினார். பொக்கெற்றிலிருந்து ஒரு கத்தியை எடுத்து என் மகளிடம் நீட்டினார்.

"எந்த மூலையில இருக்குன்னு தெரியல, மகள்" என்றார். "அதான் பெட்டியோட வந்துட்டேன். வெட்டு."